எழுதாத பக்கம்

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த மருந்துக் கடைக்காரர் ஒல்லியானவர். சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடப் போட்டிருப்பார். மருந்துச் சீட்டை வாங்கியதும் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சற்று நேரம் பார்ப்பார். படிக்கிறார் என்றே நினைத்திருந்தேன். எழுதாத பக்கத்தைத்தான் பார்க்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது.

அன்று அப்பாவின் இதய மாத்திரைக்காகப் போயிருந்தேன்.

"அப்பா ஒழுங்காச் சோறு திங்கறாருங்களா?"

"ரெண்டு நாளாக் குமட்டலுங்க."

"வெள்ளைச் சுவரு மஞ்சளாத் தெரியுதுன்னு சொன்னாருங்களா?"

காலையில் அப்பா அதையேதான் சொன்னார். நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"சீட்டு சரியாத்தானுங்க இருக்குது. கொடுத்தா ஆரும் என்னைக் கேக்க மாட்டாங்க. ஆனா நான் தர மாட்டனுங்க. இந்த மாத்திரை ரத்தத்துல மிஞ்சுனா அப்படித்தான் தெரியும். இப்பவே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க."

டாக்டரும் அதையே சொல்லி, மாத்திரையை நிறுத்தினார். நாலு நாளில் அப்பா எழுந்து நடமாடினார்.

நன்றி சொல்லப் போனேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வெறும் தாள் ஒன்றை விளக்குக்கு நேரே பிடித்திருந்தார்.

"இது என்ன நிறமுங்க?"

"வெள்ளைங்க."

"உங்களுக்கு," என்றார் மெதுவாக.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை எட்டிப் பார்த்தது. அப்பா சாப்பிட்ட அதே மாத்திரை. கடைக்காரருக்குத் தர மாட்டேன் என்று சொல்ல அந்தக் கடையில் வேறு யாரும் இல்லை.