சரிவுக்கு வெட்டிய அலமாரி

கம்பெனியிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் மாடுலர் கபோர்டுகளை வீடு வீடாகப் போய்ப் பொருத்திக் கொடுப்பதுதான் சித்தூர் கிருபானந்தத்தின் பிழைப்பு. வயசு ஐம்பத்து மூன்று. பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை குட்டி இல்லை. இருந்த ஒரே சொந்தம் தம்பி காலேப். நைனா செத்தபோது அவனுக்கு ஒன்பது வயசு. அன்றிலிருந்து சோறு போட்டு, குப்பம் டவுன் காலேஜில் இஞ்சினியரிங் படிக்க வைத்து, கல்யாணமும் பண்ணி வைத்தது அண்ணன்தான். கேட்காமலே செய்கிற ஏமாளி மனுஷன்.

ஸ்ரீசிட்டி ஃபேக்டரியில் வேலை பார்த்த காலேப், திருப்பதியில் வீடு கட்டினான். மூன்றாவது மாடியில் ஒரே ஒரு ரூம். பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று சரிவாக கான்கிரீட் போட்டு, மேலே சிவப்பு ஓடு பதித்திருந்தான். உள்ளே ஒரு பக்கம் ஒன்பதடி உசரம், மறுபக்கம் நாலே அடி.

"மேல் ரூம் உனக்குத்தாண்ணா. சித்தூர்ல ஏன் ஒண்டியா கெடக்கிற? வந்துடு" என்று மாமனார், மாமியார், பெண்டாட்டி கேசியா எல்லோரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னான். அதே மூச்சில், "கபோர்டெல்லாம் ஆஃபர்ல வாங்கிட்டேன், நீயே மாட்டிக் குடுத்துடு" என்றான்.

வந்து இறங்கியதெல்லாம் ஏழடிப் பெட்டிகள். கடை ஆள் வந்து பார்த்துவிட்டு, இந்தச் சரிவில் நிற்காது என்று கையை விரித்துவிட்டான். கிருபானந்தம் விடுவாரா? ஃப்ரிட்ஜ் வந்த அட்டையைக் கூரையோடு ஒட்டிப் பிடித்துச் சரிவை வரைந்தார். அந்த அட்டையைப் பலகைமேல் வைத்து ஒவ்வொன்றாக அறுத்தார். பலகைகளைத் தரையில் படுக்க வைத்துப் பெட்டியாகப் பூட்டினால் நிமிர்த்தும்போது கூரையில் இடிக்கும் என்று, நிற்க வைத்தே பூட்டினார். கதவுக்குக் கீல் உசரமான பக்கம்தான். தாழ்ந்த பக்கம் போட்டால் கதவு திறக்காது. குனிந்து போகிற மூலைக்குச் சக்கரம் வைத்த இழுப்பறை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூடப் போகாமல் பத்தொன்பது நாள்! கூலி என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. தன் ரூம் ஆயிற்றே.

வீட்டுப் பிரதிஷ்டை அன்று காலை, சித்தூர் வாடகை வீட்டைக் காலி பண்ணி, வீட்டுக்காரர் கன்னையாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, தட்டுமுட்டுச் சாமானைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அவர்கள் சபையில் பாஸ்டர் ஒவ்வொரு ரூமாகப் போய், அது யாருக்கோ அவர்கள் பேரைச் சொல்லி ஜெபிப்பார். பேரெல்லாம் வீடு கட்டியவர் முன்கூட்டியே சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். கீழ் ரூம் கேசியாவின் அப்பா அம்மாவுக்கு, முதல் மாடி காலேப்புக்கும் கேசியாவுக்கும், இரண்டாவது மாடி பிறக்கப்போகும் குழந்தைக்கு. கடைசியில் மேலே ஏறி வந்து, சீட்டைப் பார்த்து, "ஆண்டவரே, இந்தச் சாமான் ரூமைக் குறைவில்லாமல் நிரப்பும்" என்று ஜெபித்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். பழக்க தோஷம், கிருபானந்தமும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தன் பேரைக் காணோம் என்று உறைத்தது.

கூட்டம் பிரியாணிக்கு இறங்கியதும் தம்பியின் கையைப் பிடித்தார். "என் பேர் எங்கடா?"

காலேப் சுவரைப் பார்த்தான். "உனக்கு முட்டி வலி இருக்குதில்ல? மூணு மாடி ஏறி எறங்கிக்கினு அவஸ்தைப்படுவேன்னு கேசியா வருத்தப்பட்டா. நீ சித்தூர்லயே நிம்மதியா இருண்ணா."

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"வேலை நடந்துக்கினு இருந்துது. எப்படிச் சொல்றது?"

சொல்லியிருந்தால் வேலை நின்றுபோயிருக்கும், அதானே! தான் சோறு போட்டு வளர்த்த வாயா இது பேசுகிறது என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இத்தினி பலகையையும் தோள்ல வச்சிக்கினு இந்தப் படியில ஏறினவன் யார்ரா? அப்ப எங்கடா போச்சு என் முட்டி?"

கிருபானந்தம் ஒரு வாய் துன்னாமல் கீழே இறங்கி, சாமான் இறக்காமலே நின்ற வண்டியைத் திருப்பச் சொன்னார். சித்தூரில் அவர் இருந்த வீட்டில் அன்றைக்கே வேறொரு குடும்பம் பால் காய்ச்சிவிட்டது.

"எங்கண்ணா போவணும்?" என்றான் வண்டிக்காரன்.

அவருக்குச் சொல்ல ஒரு தெரு இல்லை.