முப்பத்தெட்டு மார்க் வாங்கிய போன்

வேலையிடத்தில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் இல்லை. பழைய போன்களை வாங்கித் துடைத்துப் பழுது பார்த்து மறுபடி விற்கிற கம்பெனியில் மார்க் போடுகிற வேலை அவளுக்கு. நீளமான கூடத்தில் கடைசி மேசை. ஒரு தட்டுக்கு இருபத்து நான்கு போன்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். திரைக்கு இத்தனை, பேட்டரிக்கு இத்தனை, பட்டனுக்குப் பத்து, கீறலுக்குக் கழித்தல் என்று போட்டுக் கடைசியில் கூட்ட வேண்டும். நூற்றுக்கு நாற்பது எடுக்காத போன் பெயில். அதை உடைத்து உதிரிக்கு எடுத்துக்கொள்வார்கள்.

அவள் முகம் பார்த்து மார்க் போடுகிற ஆளில்லை. "டீச்சர் கையில பாஸ் ஆகுறதுக்கு நான் பத்தாவதையே திரும்ப எழுதிடுவேன்" என்பான் எதிர் மேசைக்காரன். போன்களைக் கழற்றி மாட்டுவது அவன் வேலை. அதனால் அவன் பெயர் ஸ்க்ரூ.

அந்த மேசைகளில் ஒரு சட்டம் உண்டு. முதலில் அழி, அப்புறம் பார். யாரோ ஒருவருடைய கல்யாணப் படமும் காதல் கடிதமும் உள்ளே கிடக்கும். அதையெல்லாம் பார்ப்பது நம் வேலையில்லை. அதனால் போன் கைக்கு வந்ததும் மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்தி உள்ளே இருப்பதை முழுசாகத் துடைத்துவிட வேண்டும். பதினொரு வருடம் அதையே செய்ததில் அவளுக்குக் கண் தேவைப்படுவதில்லை. வாய் ஸ்க்ரூவோடு பேசிக்கொண்டிருக்கும், கை பாட்டுக்கு அழித்துக்கொண்டிருக்கும்.

அவள் கணவர் வெல்டர். கேட்டும் கிரில்லும் செய்கிற பட்டறையில் இருபத்தாறு வருடம். விரல் நுனியெல்லாம் சுட்டுச் சுட்டுக் காய்த்து, தோல் மரப்பட்டை மாதிரி ஆகிவிட்டது. ஊரே தொடுதிரை போனுக்கு மாறியபோது அவருக்கும் ஒன்று வாங்கினார்கள். தொட்டார். அசையவில்லை. தேய்த்தார். விரலை நாக்கில் நனைத்துத் தொட்டார். மூக்கால்கூடத் தொட்டுப் பார்த்தார்; மூக்குக்கு மட்டும் அது கேட்டது.

"இந்த போன் என்னை மனுசன்னே கணக்குல எடுத்துக்க மாட்டேங்குதுடி" என்றார்.

"மூக்கை எடுத்துக்குதே, அப்புறம் என்னங்க?"

"அப்ப மூக்காலயே பேசிக்கிறேன், போ."

அந்த மாதம் ஒரு தட்டில் ஸ்லைடு போன் ஒன்று வந்தது. திரையை ஒரு பக்கமாகத் தள்ளினால் அடியிலிருந்து முழுக் கீபோர்டு வெளியே வரும், நிஜமான பட்டன்களோடு. தள்ளும்போது 'டக்' என்று ஒரு சத்தம். பேட்டரி சுமார், திரை மங்கல், பின் மூடியில் விரிசல். எழுத்துப் பட்டன்கள் மட்டும் ஒவ்வொன்றும் அழுத்தமாக, விரலுக்குப் பதில் சொல்கிற மாதிரி இருந்தன. பட்டனுக்குப் பத்துக்குப் பத்து போட்டாள். மொத்தம் முப்பத்தெட்டு. பெயிலான போனை அங்கே வேலை பார்ப்பவர்கள் கேட்டால் கொடுப்பார்கள். கேட்டு வாங்கி வந்தாள்.

"பெயிலா?" என்றார் அவர். "எனக்கு ஏத்த ஜோடிதான்."

மகள் நர்சிங் படிக்க வெளியூர் போனபிறகு அந்த போன்தான் அவருக்கு வாய். நேரில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசாத மனுசன், வேலை முடிந்து வந்து பின்னறை ஸ்டூலில் உட்கார்ந்து மகளுக்குத் தட்டித் தட்டி அனுப்புவார். போனைத் தள்ளுகிற 'டக்' கேட்டால் அவர் உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் அவள் அடுப்பில் டீத்தண்ணி வைப்பாள். அவருக்குச் சர்க்கரை இல்லாமல். டாக்டர் சொன்னதிலிருந்து அப்படித்தான். முதல் வாய் குடித்ததும் தினமும் முகத்தைச் சுளிப்பார்.

ஒருநாள் மகளிடம் சொன்னாராம்: "உனக்குப் பெருசா ஒண்ணு எழுதிட்டிருக்கேன். அனுப்பல, உள்ளயே வச்சிருக்கேன். முடியட்டும். அவசரப்படுத்தாத."

அது நடந்து இரண்டு வாரத்தில் பட்டறையில் கேட் ஒன்றுக்குப் பற்ற வைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அவள் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டாள். பத்தாம் நாள் வேலைக்குப் போனாள். "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வரலாமேக்கா" என்று ஸ்க்ரூ சொன்னபோது, "இருந்து?" என்று மட்டும் கேட்டாள். டீ போடுவது தானாக நின்றுபோனது. 'டக்' கேட்கவில்லை, அடுப்பு வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பட்டறைக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த பையில் போன் இருந்தது. சார்ஜ் இல்லை. பாதி திறந்தபடி ஸ்லைடு இறுகிக் கிடந்தது.

நாலாவது மாதம் மகள் கூப்பிட்டாள். "ஞாயித்துக்கிழமை வரேம்மா. அப்பா போனைச் சரி பண்ணி வை. அவரு எழுதினதைப் படிக்கணும். எனக்கு வேற எதுவும் வேணாம்."

வெள்ளிக்கிழமை போனை வேலைக்கு எடுத்துப்போனாள். "வீட்டு போன். தள்ள வரல, பாரு" என்று ஸ்க்ரூவிடம் கொடுத்தாள். அவன் திறந்து, ஸ்லைடு ஓடுகிற தடத்தைப் பிரஷ்ஷால் தட்டினான். வெள்ளைத்தாளில் கறுப்பாக இரும்புத் தூள் கொட்டியது.

"இதை வச்சு ஒரு கிரில்லே பண்ணிடலாம் போல டீச்சர்" என்றவன், யாருடைய போன் என்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். மாட்டி முடித்து, பழைய மாடல்களோடு சார்ஜ் பலகையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

மதியம் அவள் பலகையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்தாள், மூன்று பட்டன், கீழே வைத்தாள். அடுத்தது. மூன்று பட்டன். அடுத்தது. பிறகு தாள்களை எடுத்துக்கொண்டு சோதிக்க ஆரம்பித்தாள். ஆறாவது போனைத் தள்ளினாள்.

டக்.

திரையில், புது போனில் வருவதுபோல, மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு பட்டியல் நின்றது.

பட்டியலையே கொஞ்ச நேரம் பார்த்தாள். தனக்குள்ளே ஏதாவது அறுந்து விழும் என்று காத்திருந்தாள். ஒன்றும் விழவில்லை. தாள் எடுத்தாகிவிட்டது, எழுத ஆரம்பித்தாள். திரை ஏழு. பேட்டரி நாலு. ஸ்பீக்கர், மைக், சிக்னல் எல்லாம் சேர்த்துப் பதினெட்டு. மூடி உடைசல், தீப்பொறி விழுந்த பதினாறு பொட்டு, கழித்தல் பத்து. பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். எல்லாம் வேலை செய்தன. இரண்டு கட்டைவிரலும் நிற்கிற இடத்தில் ஒன்பது பட்டன்களில் எழுத்தே இல்லை, தேய்ந்து வழவழவென்று இருந்தன. பத்துக்குப் பத்து. மொத்தம் இருபத்தொன்பது. தாளை ரப்பர் பேண்டில் சுற்றி போனைப் பெயில் பெட்டியில் போட்டுவிட்டு ஏழாவதை எடுத்தாள்.

சாயங்காலம் பெட்டியைத் தூக்க வந்த ஸ்க்ரூதான் பார்த்தான்.

"டீச்சர், இது உங்க..." தாளைப் பிரித்தான். "அழிச்சிட்டீங்களா?"

"ம். திருப்பி எடுக்க முடியுமா?"

"மெமரி கார்டு?"

"அவரு போடவே இல்ல."

அவன் அரைமணி நேரம் கேபிளை மாட்டிக் கழற்றினான். கடைசியில், "துடைச்சது துடைச்சதுதான்க்கா" என்று போனைத் தாளோடு அவள் பையில் வைத்தான். அன்று அவன் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள். "திறந்துதாம்மா?"

"திறந்துது. உள்ள ஒண்ணும் இல்ல. நான் அழிச்சிட்டேன்."

"என்னது?"

"மத்த போனோட இருந்துது. கை அழிச்சிடுச்சு."

"கை எப்படிம்மா தானா அழிக்கும்? நீ எங்க இருந்த?"

அவள் மகளின் பையை வாங்கிச் சுவரோரம் வைத்தாள்.

"அவரு போனப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. சரி, அம்மா அப்படித்தான்னு நினைச்சேன். இப்ப இதையும்..." மகள் போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டாள்.

அவள் சமையலறைக்குப் போய்க் காய் நறுக்கினாள். நறுக்க வேண்டியதைவிட அதிகமாகவே நறுக்கிவிட்டாள். பின்னறையில் மகள் தாளைப் பிரித்துப் படித்திருக்க வேண்டும், காகிதம் சரசரத்தது.

பிறகு, டக்.

கத்தியை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். தண்ணீர் வைத்தாள், தூள் போட்டாள், பாலை ஊற்றினாள், வடிகட்டினாள். தட்டில் வைத்துப் பின்னறைக்கு எடுத்துப்போனாள். அவர் ஸ்டூலில் மகள் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன் திறந்திருந்தது. எழுத்தில்லாத பட்டன்கள்மேல் அவளுடைய கட்டைவிரல்கள் இருந்தன.

மகள் தட்டைப் பார்த்தாள். தட்டில் மூன்று டம்ளர்.

அவளும் அப்போதுதான் பார்த்தாள்.

"எது சர்க்கரை இல்லாதது?" என்றாள் மகள்.

அவள் மோவாயால் ஓரத்து டம்ளரைக் காட்டினாள். மகள் அதை எடுத்து ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்தாள். மறுபடியும் குடித்தாள்.

"உக்காரும்மா" என்றாள்.