கிதார் சேரும் இடம்

செல்வியின் அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது, அடைமழையோடு தப்பு மேளச் சத்தமும் வந்தது. மூன்று அடி, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று அடி. என் கை தானாகத் தண்ணீர்ச் செம்பைத் தேடியது.

சின்ன வயதில், மலைச்சரிவு அசைகிறது என்றால் மாடசாமி மாமா தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வீட்டு வரிசையின் வாசலில் நின்று இப்படித்தான் அடிப்பார். அம்மா முதலில் அடுப்பில் தண்ணீரை ஊற்றுவாள். நனைந்த சாம்பல் வாடை எழும்பும்போதே அப்பா கத்துவார்: "ஒன்னையும் எடுக்காதீங்க, ஓடுங்க!" பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒருமுறை பார்த்துவிட்டேன். கடைசி வீடு இருந்த இடத்தில் சேறு மட்டும் இருந்தது.

அந்த அடியைத்தான் மாமாவின் பேரன்கள் இரண்டு பேரும் கிதாரோடு சேர்த்துப் பாட்டாக்கினார்கள். முதல் ஆல்பம் அட்டன் டவுனில் ஒரு ஆட்டோ விடாமல் ஒலித்தது. அடுத்தது கடல் தாண்டியும் விற்றது. கல்யாண வீடுகளில் அந்த அடியைக் கேட்டதும் பிள்ளைகள் எழுந்து ஆடுகிறார்கள். எனக்கும் பெருமைதான். மாமா இப்போது இல்லை. அவருடைய தப்பு மகனிடம் இருக்கிறது.

"இது யாரு அடிக்கிறது, புள்ள?" என்று கேட்டேன்.

"நம்ம பயலுக பாட்டுதான்க்கா. மேல் லயத்துல யாரோ சத்தமா போட்டிருக்காங்க," என்று சொல்லிவிட்டுச் செல்வி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

பாட்டாக இருந்தால் நாலாவது சுற்றில் கிதார் சேர வேண்டும். செம்பைப் பிடித்தபடி காத்திருந்தேன். நாலாவது சுற்று முடிந்தது. அடி மட்டும் வேகமெடுத்தது.

செல்வியின் அடுப்பில் தண்ணீரைக் கொட்டினேன்.