அண்ணி உரக்கச் சொன்னது

அன்றைக்குத் தாம்பரத்தில், டாக்டரம்மாவின் அறைக்குள் மூன்று பேர்: டாக்டரம்மா, நான், என் வீட்டுக்காரரின் அக்கா. அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கதவுக்குப் பதில் ஒரு துணித் திரை. அதற்கு வெளியே பெஞ்சில் என் வீட்டுக்காரர்.

எனக்குச் சர்க்கரை வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சில மாதங்களாக அந்த இடத்தில் அரிப்பு, எரிச்சல். சூடு என்று நானே முடிவு கட்டி, பாலில் பனங்கற்கண்டு போட்டுக் குடித்துவந்தேன். ஏழாவதோடு நின்றவளுக்கு, கற்கண்டும் சர்க்கரைதான் என்று தோன்றவில்லை. அரிப்பு கூடியது. அவர் பக்கத்தில் வந்தாலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். ஆசையும் வற்றிவிட்டது. பிறகு அவர் வருவதையே விட்டார், பேச்சும் குறைந்தது. என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவாரோ, வேறு ஒருத்தியைத் தேடிக்கொள்வாரோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. முந்தின நாள் குழாயடியில் அண்ணியிடம் மட்டும் சொல்லி அழுதிருந்தேன்.

"வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?" என்றார் டாக்டரம்மா.

"தலை சுத்துது."

அண்ணி பல்லாவரம் சந்தையில் காய் விற்றவர். மெல்லப் பேசத் தெரியாது. "தல சுத்துதாம்! கீழ அரிப்பு தாங்காம அழுவுது டாக்டரம்மா. சூடுன்னு கற்கண்டுப் பால் வேற. புருசன் கிட்ட வந்தா பயந்து சாவுது. அவன் இன்னாடான்னா மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீறான்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "அண்ணி, மெதுவா. வெளிய கேக்குது."

"கேக்கட்டுமே. உன் புருசன்தான? ஊரான் வூட்டுப் புருசனா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சர்க்கரை ஏறினா இது வரும்மா. பூஞ்சை. மருந்து போட்டா சரியாயிடும். ஆசை கொறையறதும் சர்க்கரையால இருக்கலாம், கவலையால இருக்கலாம். உங்க தப்பு இல்ல. கற்கண்ட மொதல்ல நிறுத்துங்க."

திரை விலகியது. வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி நின்றார். "என்னப் புடிக்காமப் பூடுச்சின்னு நெனச்சிகினு இருந்தேன்."

"தோ, இவன் ஒருத்தன்! வாயத் தொறந்து கேட்டா முத்து உதுந்துடுமா?" என்றார் அண்ணி.

பெற்ற தாயிடம்கூட நான் சொல்லமுடியாததை, எனக்காக வெளியே இருந்தவர் காதிலும் விழ அண்ணி சொன்னார். அந்தத் தைரியம் எனக்கு இன்றும் வரவில்லை.

மருந்துக்கடையில் வீட்டுக்காரரிடம் இருந்த பணம் போதவில்லை. மீதியை அண்ணி கொடுத்தார். திருப்பிக் கொடுக்கப் போனால், "ரெண்டு பேரும் சிரிச்சிகினு வாங்க, அப்ப வாங்கிக்கறேன்" என்பார். அரிப்பு சீக்கிரம் போனது; ஆசை மெதுவாகத்தான் திரும்பியது. சிரித்துக்கொண்டு சேர்ந்தே போனோம். அப்போதும் வாங்கவில்லை. இருபத்திரண்டு ரூபாய், இன்னும் பாக்கி.