ஆடி கழியட்டும் என்றவர்

முன்னறையில் பிளாஸ்டிக் கதிரை ஒன்று சாய்ந்து விழுந்த சத்தம் கேட்டது. அடுப்படியில் தேத்தண்ணி வடித்துக்கொண்டிருந்த நல்லையாவின் கை ஒரு கணம் நின்றது.

"முப்பத்தோராந் தேதி வரைக்கும் நேரம் இருந்துச்சு. ஒரே ஒரு கையெழுத்து. அதப் போட முதலாளிக்கு நேரமில்லையாம்."

ஜெயரூபனின் குரல் அது. திரீவீலர் ஓட்டுகிறவன். பந்தாட்டத்தைப் பற்றிப் பேசினால் அவனால் உட்கார்ந்திருக்க முடியாது. அவன் எழுந்தால் கதிரை விழும்.

"கதிர ஒன்ன என்னடா செஞ்சிச்சு? உக்காந்தே திட்டு" என்றான் கூட இருந்த ரமேஸ். "வெள்ளக்காரன் டீம்லயும் இப்படித்தான். முதலாளி மாறுற நேரத்துலதான் நல்ல ஆட்டக்காரன் கைவிட்டுப் போவான்."

"அங்க கோடிக்கணக்குல பேரம். இங்க என்னடா பேரம்? நம்ம சதீஸ்குமார் தெமோதரையில பஸ்ஸு ஏறி வர்றதுக்கு ரெடியா நின்னான். இப்ப பாரு, பண்டாரவளைக்காரன் சட்டையப் போட்டுக்கிட்டு வர்ற சனிக்கிழம நமக்கே கோல் அடிக்கப் போறான்."

ரெங்கம்மா கீரையை ஆய்ந்தபடியே கணவரைப் பார்த்தாள்.

"போயி சொல்லுங்க" என்றாள் மெதுவாக.

நல்லையா கோப்பைகளைத் தட்டில் அடுக்கினார்.

கீழ்க்கணக்கு வெண்ணிலா விளையாட்டுக் கழகத்துக்கு இருபத்துநாலு வருடமாக அவர்தான் செயலாளர். அதற்கு முன்பு வெறுங்காலோடு கோல் காத்தவர். மைதானத்தின் ஒரு பக்கம் பள்ளம். பந்து தேயிலைக்குள் உருண்டால் எந்த வரிசையில் போய் நிற்கும் என்று அவருக்குப் பார்க்காமலே தெரியும். தோட்டத்தில் அவருக்கு வேலை தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவது. அவரைப் போல் கத்தி பிடிக்கிறவர்கள் நாற்பது பேர் உண்டு. ஆனால் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, மற்றவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். நல்லையாவை மட்டும், "செக்ரட்டரி, நீங்க ஏழாம் நம்பர் மலைக்குப் போங்க" என்பார். அந்த ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டு மலை ஏறினால், மழையும் அட்டையும் அவருக்குப் பெரிதாகத் தெரியாது.

போன வருடம் கழகம் படுத்துவிட்டது. பூட்ஸ் இல்லாமல் இரண்டு ஆட்டத்துக்கு ஆள் இறக்க முடியவில்லை. அப்போதுதான் பதுளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஹஸீப் முதலாளி, கழகத்தைத் தான் பொறுப்பெடுப்பதாகச் சொன்னார். சின்ன வயதில் புடவை மூட்டையோடு தோட்டத்துக்கு வரும் வாப்பாவின் பின்னால் வந்து, இதே மைதானத்தில் பந்து உதைத்தவர். சதீஸ்குமாரைக் கொண்டுவரும் யோசனையும் அவருடையதுதான். தன் கடையிலேயே அவனுக்கு வேலையும் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். புதிய நிர்வாகம் ஜூலை இருபதில் பொறுப்பெடுக்க வேண்டும். முப்பத்தோராம் தேதிக்குள் ஆட்டக்காரனைப் பதிய வேண்டும். புதிய நிர்வாகத்தின் கையெழுத்து இருந்தால்தான் பதியலாம்.

ஜூலை முப்பத்தொன்று போய்விட்டது. கழகம் இன்னும் கைமாறவில்லை.

"முதலாளிக்கு நேரம் கெடைக்கலையாம்" என்று பையன்களிடம் சொன்னவர் நல்லையாதான்.

தட்டோடு முன்னறைக்குப் போனார். ஜெயரூபன் கொப்பித்தாள் ஒன்றை மேசையில் விரித்தான்.

"மாமா, லீக்குக்கு எழுதியாச்சு. இந்த முதலாளி எங்களுக்கு வேண்டாம், பழைய நிர்வாகமே இருக்கட்டும்னு இருபத்திரெண்டு பேரு ஒப்பம் வச்சிருக்கோம். ஒங்க சீல் ஒன்னுதான் பாக்கி."

"அவசரப்படாத ஜெயரூபா."

"அவசரமா? நீங்க பாவம் பாத்துக்கிட்டு இருங்க. கடக்காரனுக்குப் பந்துன்னா என்னா, பெயின்ட் வாளின்னா என்னா?"

அந்த நேரம் வாசலில் செருப்புச் சத்தம். ஹஸீப் குனிந்து உள்ளே வந்தார். லயத்து வீட்டு வாசல் அவர் உயரத்துக்குப் போதாது. கையில் பெரிய பை. கதவு திறந்துதான் கிடந்தது. வெளியே நின்று எவ்வளவு கேட்டாரோ தெரியவில்லை.

"பெயின்ட் வாளிய விட பந்து லேசு தம்பி" என்றார். "அது மட்டும் தெரியும்."

ரமேஸ் சட்டென்று எழுந்து தன் கதிரையை நகர்த்திப் போட்டான். ஜெயரூபன் அசையவில்லை.

பையிலிருந்து புதிய சட்டைகள் மேசைக்கு வந்தன. மேலே கிடந்தது ஒன்பதாம் இலக்கச் சட்டை. முதுகில் சதீஸ்குமார் என்று பேர் அச்சடித்திருந்தது.

"ஆளில்லாத சட்டைக்குப் பேரு எதுக்கு முதலாளி? எங்கள நக்கல் பண்றீங்களா?"

"ஜூலை பத்துலயே அடிச்சது" என்றார் ஹஸீப். "அப்ப ஆள் இருந்தான்."

"பத்துலயே சட்டை அடிக்க முடிஞ்ச ஒங்களுக்கு, இருபதுல வந்து கையெழுத்துப் போட முடியல."

ஹஸீப் நல்லையாவை ஒருமுறை பார்த்தார். குற்றம் சொல்கிற பார்வை இல்லை அது. பிறகு குனிந்து, சட்டைகளை மறுபடி ஒழுங்காக மடிக்கத் தொடங்கினார்.

"மாமா, சீலைக் கொண்டாங்க" என்றான் ஜெயரூபன்.

சாமித்தட்டுக்குக் கீழே பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. அதற்குள் முத்திரையும் மைப்பெட்டியும். நல்லையா எடுத்து வந்தார். முத்திரையை மையில் அழுத்தினார். தாளுக்கு மேலே கொண்டுபோனார். அங்கேயே கை நின்றது. ஊதா மை ஒரு சொட்டு, எழுத்தில் விழுந்து பரவியது.

"முதலாளி இருபதாந் தேதி வர்றதாத்தான் சொன்னாரு" என்றார். "நாந்தான் மொத நாளே கடைக்குப் போயி, ஆடி மாசம் நல்லதில்ல, ஆவணி ஒன்னுக்கு வச்சுக்குவோம்னு கையெடுத்துக் கும்பிட்டேன்."

ஜெயரூபன் சுவரோரம் இருந்த டிவியைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆடியா? மாமா, இந்த டிவியப் போன ஆடியிலதானே வாங்குனீங்க? பெட்டிய ஏத்திட்டு வந்ததே நாந்தானே?"

ரமேஸ் சிரிக்கப் பார்த்து, நல்லையாவின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

அடுப்படி வாசலிலிருந்து ரெங்கம்மா சொன்னாள்: "மக கல்யாணத்துக்கே நல்ல நேரம் பாக்காம ஒரே நாள்ல நாள் குறிச்ச மனுசன் இவரு. இப்ப மட்டும் என்ன ஆடின்னு நானும் கேட்டேன்."

நல்லையா கதிரையில் உட்கார்ந்தார். முத்திரை கையிலேயே இருந்தது.

"ஆடி ஒரு சாக்கு. இதக் குடுத்துட்டா மறுநாள் பெரட்டுல என்னைய என்னான்னு கூப்புடுவாங்க? நல்லையா, கத்திய எடுத்துட்டுப் போன்னுதானே? இன்னும் ஒரு மாசம் வச்சுக்குவோம்னு பாத்தேன். முப்பத்தோராந் தேதி மறந்துபோச்சுன்னு சொன்னா அதுவும் பொய்யி. நெனப்பு இருந்துச்சு. தெரிஞ்சேதான் இருந்தேன்."

ஜெயரூபன் அந்தத் தாளை மேசையிலிருந்து எடுத்தான். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். விழுந்து கிடந்த கதிரையை நிமிர்த்தினான்.

"நாங்க இவரத் திட்டித் திட்டித் தொண்ட காஞ்சிட்டோம் மாமா. நீங்க தேத்தண்ணி ஊத்திக் குடுத்துக்கிட்டே இருந்தீங்க."

அவ்வளவுதான் சொன்னான். போய்விட்டான். ரமேஸ் ஒரு கோப்பையைக் கையில் எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்துவிட்டு அவன் பின்னால் போனான்.

ஹஸீப் மட்டும் உட்கார்ந்து ஆறிய தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"ஏன் முதலாளி பொடியன்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"கடை வாசல்ல, அத்தன பேருக்கு முன்னால கும்பிட்டீங்க. அந்த நேரம் ஒங்கட முகத்தப் பாத்தேன். காரணம் ஆடியில்லன்னு எனக்கு அப்பவே வெளங்கிச்சு."

நல்லையா முத்திரையைத் துணியால் துடைத்தார். ஓரத்தில் ஒட்டியிருந்த மையையும் நகத்தால் சுரண்டினார். டின்னில் போட்டு மூடி, இரண்டு கையாலும் நீட்டினார்.

"ஆடி முடிய இன்னும் எட்டு நாள் இருக்கே" என்றார் ஹஸீப்.

"பரவாயில்லங்க. எடுத்துக்கங்க."

ஹஸீப் வாங்கிக்கொண்டார். புதிய சட்டைகளை மேசையிலேயே விட்டுவிட்டு, வாசலில் மறுபடி குனிந்தார்.

"சனிக்கிழம மைதானத்துக்கு வாங்க. பந்து தேயிலைக்குள்ள போனா தேட எனக்குத் தெரியாது."

"பொடியன்க மொகத்துல எப்படி முழிக்கிறது?"

"அது எனக்குத் தெரியாது, நல்லையாண்ணே. ஆனா பந்து தேயிலைக்குள்ள போகும்."

படிகளில் அவர் இறங்கும் சத்தம் தேயும்வரை நல்லையா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். உள்ளங்கையில் ஊதா மை அப்பியிருந்தது. அதை வேட்டியில் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.