சுல்பிகாவின் இன்டர்வியூவும் பர்ஸானின் யுனிக்ஸும்

ஒலுவில் பல்கலைக்கழகக் கெம்பஸில் படிக்கும்போதுதான் பர்ஸானுக்கு யுனிக்ஸ் பித்துப் பிடித்தது. அரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்க ஆய்வுகூடமொன்றில் பிறந்த, கம்பியூட்டரை இயக்கும் சிஸ்டம் அது. உலகத்து இணையச் சேவர்களில் பாதிக்கு மேற்பட்டவை அதன் வாரிசுகளில்தான் ஓடுகின்றன என்று சொல்லும்போது அவன் குரலே மாறிவிடும். சாய்ந்தமருதில் கணிதம் படிப்பிக்கப் போன பிறகும் பித்துத் தெளியவில்லை.

விண்டோஸ் பத்துக்கு ஆதரவு நின்றதும், புதியது ஏறாத வீட்டு லெப்டொப்பை வழித்துத் துடைத்து, யுனிக்ஸ் வம்சத்துச் சிஸ்டம் ஒன்றைப் போட்டான். மனைவி சுல்பிகாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தக் கிழமையே அவளுக்கு இன்டர்வியூ வந்தது. கொழும்புக் கம்பனி, வீட்டிலிருந்தே கணக்கு வேலை. மகள் பிறந்ததோடு விட்ட தொழில் மறுபடி வாசல் தட்டியிருந்தது.

இன்டர்வியூ நாள் காலையில், லெப்டொப்பைச் சரிபார்ப்பதற்காக அதிலிருந்தே மருதமுனையிலிருக்கும் தங்கை றஸ்னாவுக்கு அழைப்பெடுத்தாள்.

"முகம் தெரியுது ராத்தா. சத்தம்தான் வரல்ல."

பர்ஸான் பாய்ந்து வந்தான். கறுப்புத் திரையில் கட்டளைகளாக அடித்தான். மைக் அசையவில்லை. மெஷினை நிறுத்தித் திரும்ப ஏற்றினான். அப்போதும் ஊமைதான். அவசரத்தில் எழுத்துகள் பிழையாக விழுந்தன.

"பத்து நிமிஷம் தா சுல்பி."

"அதுக்குள்ள அவங்க எடுத்திருவாங்க."

அவள் சத்தம் போடவில்லை. அதுதான் அவனைச் சுட்டது. தன் போனைச் சீனி டின்னில் சாய்த்துவைத்து, ஸ்காஃபைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். கெமராவில் படாமல் அலுமாரியோடு ஒட்டி நின்றான் பர்ஸான்.

கேள்விகள் நன்றாகத்தான் போயின. பிறகு அவர்கள் ஒரு கணக்குத் தாளைக் காட்டிப் பிழை எங்கே என்று கேட்டார்கள். போன் திரையில் இலக்கங்கள் எறும்புக் கூட்டமாக ஊர்ந்தன.

"கொஞ்சம் பெருசாக்குவீங்களா சேர்?"

"உங்களிட்டக் கம்பியூட்டர் இல்லையா?"

தன் பெயர் இப்போது வரும் என்று நினைத்தான் பர்ஸான்.

"இரிக்கி சேர். இண்டைக்கு மைக் எடுக்கல்ல."

அவன் பக்கம் அவள் திரும்பவேயில்லை. தாள் பெரிதாயிற்று. வரி வரியாக நகர்த்தச் சொல்லிப் பார்த்தாள். நெடுநேரம் சென்றது. கடைசியில் பிழையைப் பிடித்துவிட்டாள்.

அழைப்பு முடிந்தது. அந்தப் போனுக்குள் ஓடுவதும் யுனிக்ஸைப் பார்த்து எழுதிய லினக்ஸ்தான் என்பது அவன் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"என்னட்டக் கேட்டிரிக்கலாம்," என்றாள் சுல்பிகா.

"ஓம். கேட்டிரிக்கணும்."

வேலை கிடைத்தது. கம்பனியின் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்றார்கள். கல்முனைக் கடையொன்றில், முன்பு யாரோ பாவித்த லெப்டொப் ஒன்றை இருவருமாகப் போய் வாங்கிவந்தார்கள். பர்ஸான் அதைத் திறக்குமுன் அவளைப் பார்த்தான்.

"நான் கை வைக்கட்டா?"

"வைங்க," என்று கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டாள் அவள். "என்ன செய்யிற எண்டு சொல்லிச் சொல்லிச் செய்யுங்க."