தர்ட் ஷிப்ட் வாரம்

எங்கள் வீட்டில் எதைக் கேட்பதானாலும் அப்பாவுக்கு எந்த ஷிப்ட் என்று பார்த்துத்தான் கேட்போம். கசார்வாடியில் ஒரு பட்டறையில் அவர் லேத் ஓட்டுகிறார். ஷிப்ட் வாராவாரம் மாறும். காலை வேலைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றும் இரவு வேலைக்கு தர்ட் ஷிப்ட் என்றும் பெயர். தர்ட் ஷிப்ட் வாரத்தில் கரண்டி கீழே விழுந்தால்கூடக் கத்துவார்.

"அவங்க வீட்டு ரத்தம் அப்படி. உனக்கும் வரும் பாரு" என்பார் அம்மா. எனக்கு அது நிஜமாகவே பயமாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜுக்குப் போனவன் நான். இரண்டாம் வருடம் உளவியலில் உயிரியல் அணுகுமுறை பாடமாக வந்தது. ஒருவன் ஏன் இப்படி நடந்துகொள்கிறான் என்று கேட்டால், முதலில் அவன் உடம்பில் தேடு என்றது அந்தப் பாடம். மரபணுவில், மூளையில், ஹார்மோன்களில், தூக்கத்தில் தேடு. மூளைக்குள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறதாம். கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து அது நேரம் பார்க்கும். இரவில் விழித்துப் பகலில் படுப்பவனுக்கு அது குழம்பிப்போகும். தூக்கம் கெடும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். படித்ததும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. பரம்பரையை இழுக்கவே வேண்டாம். அப்பாவுக்குத் தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் தங்கைக்குக் கோலாப்பூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். அந்த மாதத்துக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும். அப்பாவுக்கு அந்த வாரம் தர்ட் ஷிப்ட்; அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

"இப்ப கேக்காத. ஃபர்ஸ்ட் ஷிப்ட் வரட்டும். நல்லா தூங்கி எழுந்தா மூளை அமைதியா இருக்கும்" என்றேன்.

"வந்துட்டாரு டாக்டர் சாப்" என்றாள். ஆனாலும் காத்திருந்தாள்.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரம், ஞாயிற்றுக்கிழமை. அப்பா நன்றாகத் தூங்கி எழுந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்டாள்.

"வேணாம்மா" என்றார். குரல்கூட உயரவில்லை.

கத்தியிருந்தால் தூக்கமில்லாத கோபம் என்று தள்ளிவிட்டிருப்பேன். இந்த 'வேணாம்' எந்தக் கணக்கிலும் சேரவில்லை. தங்கைதான் கேட்டாள்.

"ஏன்ப்பா?"

"நர்ஸுன்னா ராத்திரி டூட்டி உண்டு. நான் படறது போதாதா? பகல்ல படுத்தா கண்ணு மூட மாட்டேங்குது. யாராச்சும் பேசினா வாய் தானா கத்துது. கத்தினப்பறம் எனக்கே ஒரு மாதிரி இருக்கு. உனக்கு அந்தப் பொழப்பு வேணாம்."

இத்தனை வருடத்தில் இதை அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. நாங்களும் கேட்டுப் பார்த்ததில்லை. ஷிப்டைப் பார்த்ததோடு சரி.

தங்கை மட்டும் விடவில்லை. "நீ கத்தறப்ப நாங்க கேட்டுக்கலையா? நான் கத்தறப்ப நீ கேட்டுக்கோ."

அடுப்படியிலிருந்து அம்மா சிரித்துவிட்டார்.

"அரே, இவ பேச்சைப் பாரு" என்று அப்பாவும் சிரித்தார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மாதக் கடைசி நெருங்கியது. சுற்றி வந்து மறுபடி தர்ட் ஷிப்ட். "இந்த வாரம் வாயே திறக்காத" என்று தங்கையை எச்சரித்து வைத்தேன். ஒரு நாள் காலை வேலையிலிருந்து வந்த அப்பா, சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போட்டார், குளித்தார், படுக்காமல் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"கிளம்பும்மா. ஹாஸ்டல் எப்படி இருக்குன்னு பாக்காம எப்படி அனுப்பறது?"

"தூங்கிட்டுப் போலாமேப்பா" என்றேன்.

"பஸ்ல தூங்கிக்கறேன். நீ என் மூளையைப் பத்திக் கவலைப்படாத."

தங்கை வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். நான் மூளையைப் பற்றிப் பேசியதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

கோலாப்பூர் வரை அவள் தோளிலேயே சாய்ந்து தூங்கினாராம். அறையைப் பார்த்தார், சாப்பாட்டை ருசி பார்த்தார், அன்றே சேர்த்துவிட்டு வந்தார். ஹாஸ்டல் வாசலில் கொஞ்ச நேரம் நிற்கச் சொன்ன வாட்ச்மேனிடம் மட்டும் கத்தினாராம். அந்த ஒன்றுதான் என் பாடத்தில் இருந்தபடி நடந்தது.